மேய்ன் 2ஆவது காங்கிரசுத் தொகுதியின் வாக்களிப்பு

மேய்ன் 2ஆவது காங்கிரசுத் தொகுதி என்பது ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மேய்ன் மாநிலத்தின் இரண்டு தொகுதிகளுள் ஒன்றாகும். காங்கிரசு என்பது அந்நாட்டு நாடாளுமன்றத்தின் பெயர். அதன் கீழவையான பிரதிநிதிகள் அவைக்கு இத்தொகுதி ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறது. அதிபர் தேர்தலிலும் இத்தொகுதிக்குத் தனியாக ஒரு தேர்வாளர் வாக்கு உண்டு. இவற்றுடன், மாநிலச் சட்டங்கள் பற்றிய பொது வாக்கெடுப்புகளிலும் இத்தொகுதி மக்கள் அடிக்கடி வாக்களிக்கின்றனர்.

2016, 2020, 2024 ஆகிய மூன்று அதிபர் தேர்தல்களிலும் இத்தொகுதி குடியரசுக் கட்சியின் டொனால்ட் டிரம்ப்பைத் தெரிவு செய்தது. ஆனால் 2018 முதல் 2024 வரை நடந்த நான்கு பிரதிநிதிகள் அவைத் தேர்தல்களிலும் மக்களாட்சிக் கட்சியைச் (டெமாக்ரட்டிக் கட்சி) சேர்ந்த ஜாரெட் கோல்டனே இங்கு வென்றார். பொது வாக்கெடுப்புகளிலோ வாக்காளரின் விடைகள் இவ்விரு கட்சிகளின் நிலைப்பாடுகளுள் எதனுடனும் முழுமையாகப் பொருந்துவதில்லை. இக்காரணங்களால் இத்தொகுதி அமெரிக்கத் தேர்தல் ஆய்வுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

அமைவிடமும் மக்களும்

மேய்ன் மாநிலப் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இத்தொகுதியில் அடங்கும். ஏறத்தாழ 70,000 சதுர கிலோமீட்டர் பரப்புக் கொண்ட இது, மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே உள்ள தொகுதிகளுள் மிகப் பெரியது. கனடாவின் கியூபெக், நியூ பிரன்சுவிக் மாகாணங்கள் இதன் எல்லைகளாக உள்ளன. மாநிலத்தின் பெரிய நகரமான போர்ட்லண்டும் தெற்குக் கடற்கரைப் பகுதியும் 1ஆவது தொகுதியைச் சேர்ந்தவை.

லூயிஸ்டன், ஆபர்ன், பாங்கோர் ஆகியன இத்தொகுதியின் முதன்மையான நகரங்கள். 2021ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறையில் மாநிலத் தலைநகரான அகஸ்டாவும் இத்தொகுதியுடன் இணைக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகை 13,62,359 ஆகும். அதில் ஏறத்தாழப் பாதிப் பேர் இங்கு வாழ்கின்றனர்.

காடும் காகித ஆலைகளும் நெடுங்காலம் இப்பகுதியின் வாழ்வாதாரமாக இருந்தன. வடக்கே அரூஸ்டுக் கவுண்டியில் உருளைக்கிழங்குப் பயிர்ச்செய்கையும், கிழக்குக் கரையில் சிங்கி இறால் பிடிப்பும் முதன்மையானவை. லூயிஸ்டனின் நெசவாலைகளுக்கு வேலை தேடி வந்த பிரெஞ்சு மொழி பேசும் கனடியரின் வழித்தோன்றல்கள் அங்கு மிகுதியாக உள்ளனர். 2001 முதல் சோமாலியாவைச் சேர்ந்தோரும் அந்நகரில் குடியேறினர். 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காகித ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. மில்லினோக்கெட் ஆலை 2008இலும், பக்ஸ்போர்ட் ஆலை 2014இலும் மூடப்பட்டன.

வாக்குகள் எண்ணப்படும் மூன்று முறைகள்

இத்தொகுதியின் முடிவுகளைப் புரிந்துகொள்ள, ஒரே நாளில் ஒரே வாக்காளர் அளிக்கும் வாக்குகள் மூன்று வெவ்வேறு முறைகளில் எண்ணப்படுவதை அறிதல் வேண்டும்.

அதிபர் தேர்தல்: அமெரிக்க அதிபரை மாநிலங்களின் தேர்வாளர்களே முறைப்படி தேர்ந்தெடுக்கின்றனர். மேய்னுக்கு நான்கு தேர்வாளர்கள் உள்ளனர். பெரும்பாலான மாநிலங்களில், மாநில அளவில் வெல்பவருக்கே எல்லாத் தேர்வாளர்களும் சேர்வர். மேய்ன் 1969இல் இயற்றிய சட்டத்தின்படி இருவர் மட்டுமே மாநில வெற்றியாளருக்கு உரியவர்கள். எஞ்சிய இருவரும் தொகுதிக்கு ஒருவராக, அந்தந்தத் தொகுதியில் வென்றவருக்குச் சேர்வர். இம்முறை 1972 தேர்தலில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. பின்னர் நெப்ராஸ்கா மாநிலமும் இதைப் பின்பற்றியது.

பிரதிநிதிகள் அவைத் தேர்தல்: 2018 முதல் இங்கு தரவரிசை வாக்களிப்பு முறை கையாளப்படுகிறது. வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என விருப்ப வரிசையில் குறிக்கலாம். எவரும் பாதிக்கு மேல் பெறாவிடின், குறைந்த வாக்குகள் பெற்றவர்கள் நீக்கப்படுவர். அவர்களுடைய வாக்குச் சீட்டுகள் அடுத்த விருப்பத்திற்குரிய வேட்பாளரிடம் சேர்க்கப்படும். அடுத்த விருப்பம் எதுவும் குறிக்கப்படாத சீட்டுகள் கணக்கிலிருந்து விலகிவிடும்.

பொது வாக்கெடுப்பு: 1908இல் செய்யப்பட்ட அரசியலமைப்புத் திருத்தத்தின்படி மேய்ன் மக்கள் இரு உரிமைகளைப் பெற்றனர். கையொப்பம் திரட்டி ஒரு புதிய சட்டத்தை முன்மொழிவது முதலாவது. சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை நடைமுறைக்கு வருமுன் வாக்கெடுப்புக்கு விட்டு நீக்குவது இரண்டாவது. இது மக்கள் தடையுரிமை எனப்படும். இரண்டிற்கும், முந்தைய ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 10 விழுக்காட்டிற்குக் குறையாத கையொப்பங்கள் தேவை. முடிவு மாநிலம் முழுவதற்குமான கூட்டுத்தொகையைக் கொண்டே தீர்மானிக்கப்படும்.

எனவே அதிபர் தேர்தலில் தனிக் குரல் உடைய இத்தொகுதி, பொது வாக்கெடுப்பில் மாநிலத் தொகைக்குள் கரைந்துவிடுகிறது. கையொப்பங்களை இரு தொகுதிகளிலிருந்தும் தனித்தனியே பெறவேண்டும் என்ற முன்மொழிவுகள் சட்டமன்றத்தில் எழுந்தபோதிலும் அவை நிறைவேறவில்லை.

அதிபர் தேர்தல்கள்

1992 முதல் 2012 வரை நடந்த ஆறு தேர்தல்களிலும் இத்தொகுதியில் மக்களாட்சிக் கட்சியின் வேட்பாளர்களே வென்றனர். பராக் ஒபாமா 2008, 2012 ஆகிய இரு முறையும் இங்கு வெற்றி பெற்றார். அக்காலத்தில் மாநிலமும் இரு தொகுதிகளும் ஒரே பக்கம் நின்றதால் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவு வெளிப்படவில்லை.

2016இல் நிலை மாறியது. டிரம்ப் 1,81,177 வாக்குகளும் (51.3%) இலரி கிளின்டன் 1,44,817 வாக்குகளும் (41.0%) பெற்றனர். மாநில அளவில் கிளின்டன் வென்றதால், 1828க்குப் பின்னர் முதன்முறையாக மேய்னின் தேர்வாளர் வாக்குகள் பிரிந்தன. 2020இல் டிரம்ப் 1,96,692 வாக்குகளும் (52.3%) ஜோ பைடன் 1,68,696 வாக்குகளும் (44.8%) பெற்றனர். 2024இல் ஏறத்தாழ 9 விழுக்காட்டுப் புள்ளி வேறுபாட்டில் டிரம்ப் மூன்றாம் முறை இங்கு வென்றார். இவ்விரு தேர்தல்களிலும் மாநிலத்தை மக்களாட்சிக் கட்சியே வென்றது.

பிரதிநிதிகள் அவைத் தேர்தல்கள்

இத்தொகுதியின் உறுப்பினர்கள் பலர் பின்னர் உயர் பதவிகளை அடைந்துள்ளனர். 1940இல் இத்தொகுதியிலிருந்து அவைக்குச் சென்ற மார்கரெட் சேஸ் ஸ்மித், பின்னர் செனட் எனப்படும் மேலவைக்கும் தேர்வாகி, காங்கிரசின் இரு அவைகளிலும் பணியாற்றிய முதல் பெண்மணி ஆனார். வில்லியம் கோகன், ஒலிம்பியா ஸ்னோ ஆகியோரும் இங்கிருந்தே மேலவைக்குச் சென்றனர். ஜான் பால்டாச்சி 2003இல் ஆளுநர் ஆனார். காகித ஆலைத் தொழிலாளியாக இருந்த மக்களாட்சிக் கட்சியின் மைக் மிசூ 2003 முதல் 2015 வரை உறுப்பினராக இருந்தார்.

2014இல் மிசூ ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டதால் தொகுதி வெற்றிடமானது. மூவர் போட்டியிட்ட தேர்தலில் குடியரசுக் கட்சியின் புரூஸ் பொலிக்குவின் ஏறத்தாழ 47 விழுக்காடு வாக்குகளுடன் வென்றார். 2016இல் அவரே மீண்டும் வெற்றி பெற்றார்.

2018ஆம் ஆண்டுத் தேர்தல்

2018 நவம்பர் 6ஆம் நாள் நடந்த இத்தேர்தலே, காங்கிரசுப் பொதுத்தேர்தல் ஒன்றில் தரவரிசை எண்ணிக்கை முடிவைத் தீர்மானித்த முதல் நிகழ்வாகும். பொலிக்குவின், கோல்டன் ஆகியோருடன் டிஃபனி பாண்ட், வில் ஹோர் ஆகிய இரு கட்சி சாரா வேட்பாளர்களும் போட்டியிட்டனர். கோல்டன் ஆப்கானித்தானிலும் ஈராக்கிலும் பணியாற்றிய முன்னாள் கடற்படைக் காலாட்படை வீரர். லூயிஸ்டனைச் சேர்ந்த மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்.

முதல் சுற்று:
பொலிக்குவின் (குடியரசுக் கட்சி) – 1,34,184 (46.3%)
கோல்டன் (மக்களாட்சிக் கட்சி) – 1,32,013 (45.6%)
பாண்ட் (கட்சி சாராதவர்) – 16,552 (5.7%)
ஹோர் (கட்சி சாராதவர்) – 6,875 (2.4%)

இறுதிச் சுற்று:
கோல்டன் – 1,42,440 (50.6%)
பொலிக்குவின் – 1,38,931 (49.4%)
கணக்கிலிருந்து விலகியவை – 8,253

முதல் சுற்றில் பொலிக்குவின் 2,171 வாக்குகள் முன்னிலையில் இருந்தார். பழைய முறை நீடித்திருப்பின் அவரே வென்றிருப்பார். பாண்ட், ஹோர் ஆகியோரின் சீட்டுகள் பகிரப்பட்டபோது கோல்டனுக்கு 10,427 வாக்குகளும் பொலிக்குவினுக்கு 4,747 வாக்குகளும் கூடுதலாகச் சேர்ந்தன. இதனால் கோல்டன் 3,509 வாக்கு வேறுபாட்டில் வென்றார். இத்தொகுதியில் பதவியிலிருந்த உறுப்பினர் ஒருவர் தோற்றது 1916க்குப் பின்னர் இதுவே முதன்முறை.

தரவரிசை முறை அரசியலமைப்புக்கு முரணானது என்று பொலிக்குவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2018 டிசம்பரில் நீதிபதி லான்ஸ் வாக்கர் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதவி முடியும் தறுவாயில் இருந்த ஆளுநர் பால் லெபாஜ், தேர்தல் சான்றிதழில் கையொப்பமிட்டபோது, இது திருடப்பட்ட தேர்தல் என்று அதன்மேல் எழுதினார்.

2018க்குப் பின்

2020இல் கோல்டன் 53 விழுக்காடு வாக்குகள் பெற்றார். அவர் பெற்ற 1,97,974 வாக்குகள், அதே நாளில் அதே தொகுதியில் டிரம்ப் பெற்றவற்றை விடச் சற்று அதிகம். பைடன் பெற்றவற்றை விட ஏறத்தாழ 29,000 அதிகம். அதாவது டிரம்ப்புக்கு வாக்களித்தோரில் கணிசமானோர் அதே சீட்டுத் தொகுப்பில் கோல்டனையும் தெரிவு செய்துள்ளனர்.

2022இல் பொலிக்குவின் மீண்டும் எதிர்த்தார். அப்போதும் முதல் சுற்றில் எவரும் பாதியைத் தாண்டவில்லை. இரண்டாம் சுற்றில் கோல்டன் ஏறத்தாழ 53 விழுக்காடு பெற்றார். 2024இல் முன்னாள் கார்ப் பந்தய ஓட்டுநர் ஆஸ்டின் தெரியோவை ஒரு விழுக்காட்டிற்கும் குறைவான வேறுபாட்டில் வென்றார்.

அவையில் கோல்டன் தம் கட்சியுடன் பலமுறை முரண்பட்டார். 2019இல் டிரம்ப் மீதான பதவி நீக்கக் குற்றச்சாட்டுகள் இரண்டில் ஒன்றை ஆதரித்து, மற்றொன்றை எதிர்த்தார். 2021 நவம்பரில் பைடன் அரசின் பெரும் சமூகநலச் செலவு முன்வரைவை எதிர்த்து வாக்களித்த ஒரே மக்களாட்சிக் கட்சி உறுப்பினர் இவரே. 2025 நவம்பரில், 2026ஆம் ஆண்டுத் தேர்தலில் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார்.

பொது வாக்கெடுப்புகள்

தன்பாலினத் திருமணம்

2009இல் சட்டமன்றம் இயற்றிய தன்பாலினத் திருமணச் சட்டத்தை மேய்ன் மக்கள் வாக்கெடுப்பில் நீக்கினர். 2012இல் மக்கள் முன்மொழிவாக அது மீண்டும் வந்து, ஏறத்தாழ 53 விழுக்காட்டு ஆதரவுடன் நிறைவேறியது. 2ஆவது தொகுதியில் பெரும்பான்மையினர் அதை எதிர்த்தே வாக்களித்தனர். அதே நாளில் அத்தொகுதியில் ஒபாமா வென்றார் என்பது குறிப்பிடத்தக்கது. மறு ஆண்டில் அப்போதைய உறுப்பினர் மிசூ தாம் தன்பாலின ஈர்ப்புடையவர் என்று வெளிப்படையாக அறிவித்தார்.

கரடி வேட்டை

இரை வைத்தும், நாய்களை ஏவியும், பொறி அமைத்தும் கரடிகளை வேட்டையாடுவதைத் தடை செய்யும் முன்மொழிவு 2004இலும் 2014இலும் வாக்கெடுப்புக்கு வந்து, இருமுறையும் தோற்றது. இத்தொகுதியின் காட்டுப் பகுதிகளில் வேட்டை வழிகாட்டிகளும் விடுதி நடத்துவோரும் இதைத் தம் பிழைப்பின்மீதான தாக்குதலாகக் கண்டனர். தெற்கு நகரங்களில் வாழ்வோர் தமக்கு விதி வகுக்கின்றனர் என்ற மனக்குறையும் வெளிப்பட்டது. 2014இல் இவ்வாக்கெடுப்பு கிராமப்புற வாக்காளரை வாக்குச் சாவடிகளுக்கு ஈர்த்து, லெபாஜ், பொலிக்குவின் ஆகியோரின் வெற்றிக்குத் துணைபுரிந்தது என்று நோக்கர் பலர் கருதினர்.

தரவரிசை வாக்களிப்பு

1974 முதல் 2014 வரை நடந்த 11 ஆளுநர் தேர்தல்களுள் ஒன்பதில் வென்றவர் 50 விழுக்காட்டை எட்டவில்லை. 2010இல் லெபாஜ் 38 விழுக்காட்டிற்கும் குறைவான வாக்குகளுடன் ஆளுநரானார். இக்குறையைக் களையும் நோக்குடன் 2016இல் தரவரிசை முறை முன்மொழியப்பட்டு, மாநில அளவில் 52 விழுக்காட்டு ஆதரவைப் பெற்றது.

2017 மே மாதம், மாநில உச்ச நீதிமன்றம் ஆளுநர், மாநிலச் சட்டமன்றப் பொதுத்தேர்தல்களுக்கு இம்முறை மாநில அரசியலமைப்புடன் பொருந்தாது என்று கருத்துரைத்தது. சட்டமன்றம் முறையை ஒத்திவைத்தது. ஆதரவாளர்கள் மக்கள் தடையுரிமையைப் பயன்படுத்தி, 2018 சூன் 12 வாக்கெடுப்பில் ஏறத்தாழ 54 விழுக்காட்டுடன் ஒத்திவைப்பை நீக்கினர். இதன் விளைவாக, எந்தத் தேர்தலைச் சீர்செய்ய இம்முறை கொண்டுவரப்பட்டதோ அந்த ஆளுநர் பொதுத்தேர்தலில் அது இல்லை. காங்கிரசுத் தேர்தல்களிலும் கட்சி உள்தேர்தல்களிலும் மட்டுமே நடைமுறைக்கு வந்தது.

2016, 2018 ஆகிய இரு வாக்கெடுப்புகளிலும் 2ஆவது தொகுதி இம்முறையை ஏற்கவில்லை. 1ஆவது தொகுதியின் ஆதரவே அதை நிறைவேற்றியது. ஆயினும் அம்முறையால் முதலில் முடிவு மாறியது 2ஆவது தொகுதியில்தான். 2018ஆம் ஆண்டு முடிவின்மீது அங்கு எழுந்த கசப்புக்கு இதுவும் ஒரு காரணமாகும். மறுபுறம், விதிகள் தேர்தலுக்கு முன்னரே அறியப்பட்டிருந்தன என்பதும், இறுதிச் சுற்றில் இடம்பெற்ற வாக்குகளில் பாதிக்கு மேல் பெற்றவரே வென்றார் என்பதும் ஆதரவாளரின் வாதமாகும்.

மருத்துவ உதவி

2017இல், குறைந்த வருமானம் உடையோருக்கான மெடிக்கெய்டு மருத்துவ உதவித் திட்டத்தை விரிவாக்கும் முன்மொழிவு 59 விழுக்காட்டுடன் வென்றது. ஆளுநர் லெபாஜ் அதை நடைமுறைப்படுத்த மறுத்தார். 2019 சனவரியில் பதவியேற்ற ஆளுநர் ஜானெட் மில்ஸ் அதைச் செயற்படுத்தினார். 2018ஆம் ஆண்டுப் போட்டியிலும் மருத்துவக் காப்பீடே முதன்மையான விவாதப் பொருளாக இருந்தது.

மின்கடத்துத் தடம்

கியூபெக்கின் நீர்மின்சாரத்தை மாசச்சூசெட்ஸ் மாநிலத்திற்குக் கொண்டுசெல்ல, இத்தொகுதியின் மேற்குக் காடுகள் வழியாக லூயிஸ்டன் வரை மின்தடம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. 2021 வாக்கெடுப்பில் 59 விழுக்காட்டினர் அதைத் தடை செய்யும்படி வாக்களித்தனர். தடம் கடந்துசெல்லும் சாமர்செட், பிராங்க்ளின் கவுண்டிகளிலும் எதிர்ப்பு வலுவாக இருந்தது. வேட்டையாடுவோரும் சுற்றுச்சூழல் ஆர்வலரும் இங்கு ஒரே அணியில் நின்றனர். எனினும், பணிகள் ஏற்கனவே நல்லெண்ணத்துடன் தொடங்கப்பட்டுவிட்டன என்ற அடிப்படையில் 2023இல் நீதிமன்றத் தீர்ப்பு நிறுவனத்திற்குச் சாதகமாக அமைந்து, கட்டுமானம் மீண்டும் தொடங்கியது.

துப்பாக்கிச் சட்டங்கள்

தனியாரிடையே நடக்கும் துப்பாக்கி விற்பனைக்கும் பின்னணிச் சோதனையைக் கட்டாயமாக்கும் முன்மொழிவு 2016இல் மாநில அளவில் ஏறத்தாழ 52 விழுக்காட்டினரின் எதிர்ப்பால் தோற்றது. 2ஆவது தொகுதியில் எதிர்ப்பு மிகக் கடுமையாக இருந்தது. வேட்டை வாழ்வின் ஒரு பகுதியாக உள்ள ஊர்களில், அண்டை வீட்டாருக்குத் துப்பாக்கி கொடுப்பதும் குற்றமாகிவிடும் என்ற அச்சம் பரவியிருந்தது.

2023 அக்டோபர் 25ஆம் நாள் லூயிஸ்டனில் ஒரு பந்துருட்டு விளையாட்டுக் கூடத்திலும் ஓர் உணவகத்திலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 18 பேர் கொல்லப்பட்டனர். மறுநாள் கோல்டன், தாக்குதல் வகைத் துப்பாக்கிகளுக்கான தடையை இதுவரை எதிர்த்தது தவறு என்று கூறி, தம் நகர மக்களிடம் மன்னிப்புக் கோரினார். அத்தகைய நிலைப்பாட்டிற்கு எதிராக வாக்களித்துவந்த தொகுதியில், அடுத்த ஆண்டுத் தேர்தலை அவர் இதனுடனேயே எதிர்கொண்டார்.

2024இல் சட்டமன்றம் விளம்பரப்படுத்தப்படும் தனியார் விற்பனைக்குப் பின்னணிச் சோதனையையும், துப்பாக்கி வாங்குவதற்கு 72 மணிநேரக் காத்திருப்பையும் கொண்டுவந்தது. ஆபத்து விளைவிக்கக் கூடியவரிடமிருந்து துப்பாக்கிகளைத் தற்காலிகமாக அகற்றும்படி குடும்பத்தினரே நீதிமன்றத்தை அணுக வழிசெய்யும் முன்மொழிவு 2025 நவம்பர் 4ஆம் நாள் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆளுநர் மில்ஸ் எதிர்த்தபோதும், மாநில அளவில் ஏறத்தாழ 63 விழுக்காட்டினர் அதை ஆதரித்தனர். அதே நாளில், வாக்களிக்கப் புகைப்பட அடையாள அட்டையைக் கட்டாயமாக்கி, அஞ்சல்வழி வாக்களிப்பைக் கட்டுப்படுத்தும் முன்மொழிவு ஏறத்தாழ 64 விழுக்காட்டினரால் நிராகரிக்கப்பட்டது.

வாக்களிப்புப் போக்குக்கான விளக்கங்கள்

இத்தொகுதியின் மாறுபட்ட முடிவுகளுக்குப் பின்வரும் காரணங்கள் முன்வைக்கப்படுகின்றன.

* கட்சி சாரா மரபு: மேய்ன் மக்கள் 1974இல் ஜேம்ஸ் லாங்லியையும், 1994இல் ஆங்கஸ் கிங்கையும் கட்சி சாரா ஆளுநர்களாகத் தேர்ந்தெடுத்தனர். 1992 அதிபர் தேர்தலில் கட்சி சாரா வேட்பாளர் ராஸ் பெரோ மாநிலத்தில் இரண்டாம் இடம் பெற்றார்.
* தொழில் வீழ்ச்சி: ஆலைகள் மூடப்பட்டதற்கு வெளிநாட்டு வணிக உடன்படிக்கைகளே காரணம் என்ற கருத்து இங்கு வலுவானது. இக்கருத்தை மிசூவும் கோல்டனும் ஒரு கட்சியிலிருந்தும், டிரம்ப் மறு கட்சியிலிருந்தும் பேசினர்.
* வெளியார் தலையீடு மீதான வெறுப்பு: கரடி வேட்டை, துப்பாக்கிச் சோதனை, மின்தடம் ஆகிய மூன்றும் வெவ்வேறு அரசியல் அணிகள் முன்னெடுத்தவை. ஆயினும் வெளியிலிருந்து திணிக்கப்படுவதாகக் கருதப்பட்டவற்றை இத்தொகுதி வாக்காளர் எதிர்த்தனர் என்பது பொதுக்கூறாகும்.
* வேட்பாளருடனான நேர்முக அறிமுகம்: மக்கள்தொகை குறைந்த ஊர்களில் கட்சிப் பெயரைவிட வேட்பாளரின் ஊரும் தொழிலும் எடைபோடப்படுகின்றன. அரூஸ்டுக் கவுண்டியின் கரிபூ நகரில் பிறந்த குடியரசுக் கட்சி செனட்டர் சூசன் காலின்ஸ், பைடன் மாநிலத்தை வென்ற 2020இல் தாமும் வென்றார்.

ஒரு தொகுதி எந்தக் கட்சிக்கு உரியது என்பதை அதிபர் தேர்தல் முடிவைக் கொண்டு மட்டும் கூற இயலாது என்பதற்கு மேய்ன் 2ஆவது தொகுதி சான்றாக உள்ளது.

இவற்றையும் பார்க்க

* மேய்ன்
* ஐக்கிய அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை
* தேர்வாளர் குழு
* தரவரிசை வாக்களிப்பு
* பொது வாக்கெடுப்பு